தொப்பியில் விழுந்த 32 டாலர்

உண்டியல் குலுக்கிப் பழகிய கைகள் நம் தோழர்களின் கைகள். மில் வாசலில் ஷிப்டு விடும் வேளையில் துண்டை விரித்து நின்றிருக்கிறோம். சந்தை நாளில் கடை கடையாக ஏறி இறங்கி ரசீதுப் புத்தகத்தை நீட்டியிருக்கிறோம். கொடுத்தவனையும் அறிவோம், முகத்தைத் திருப்பிக் கொண்டவனையும் அறிவோம். ஆகவே, நிதி வசூலைப் பற்றிய ஒரு கதையை, அது கடல் கடந்த நாட்டுக் கதையேயானாலும், "நமக்கென்ன?" என்று தோழர்கள் தள்ளிவிட மாட்டார்கள் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறோம்.

அமெரிக்காவின் மேற்குக் கரையிலே கலிபோர்னியா மாநிலம். அங்கே காடு காக்கும் கழகம் ஒன்று. செம்பர்வைரன்ஸ் என்பது அதன் பெயர். என்றும் வாழ்வது என்று பொருள்படும் லத்தீன் சொல் அது. 1900ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் பிறந்த அந்தக் கழகத்துக்கு 2025ஆம் ஆண்டு மே மாதத்தோடு 125 வயது நிறைந்தது. நூற்றாண்டு கண்ட இப்படிப்பட்ட கழகங்கள் ஆண்டு விழா என்றால் அந்நாட்டில் என்ன செய்யும்? விருந்து வைக்கும். இலைக்கு இத்தனை டாலர் என்று விலை வைக்கும். பெருந்தனக்காரர்கள் குடும்பத்தோடு வந்து உண்டு மகிழ்ந்து காசோலை எழுதிக் கொடுத்துப் போவார்கள். மறுநாள் நன்றிக் கடிதம் போகும். இதுவே அங்கே வழக்கம். அந்த விருந்தின் நியாய அநியாயத்தைப் பிறகு பேசுவோம். அந்தக் கழகத்தின் முதல் வசூல் எப்படி நடந்தது என்பதை முதலில் பார்ப்போம்.

அவர்கள் காக்கப் புறப்பட்ட மரத்தின் பெயர் ரெட்வுட். தமிழிலே சொல்வதானால் செம்மரம். ஆனால் செம்மரம் என்றதும் சேஷாசலக் காடும், 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் ஆந்திரப் போலீசின் துப்பாக்கிக்கு இரையான 20 கூலித் தோழர்களும் நம் கண்முன் வந்து நிற்கிறார்கள். அது வேறு மரம், இது வேறு மரம். குழப்பம் வேண்டாமென்று ரெட்வுட் என்றே எழுதுகிறோம். உலகத்திலே இதைவிட உயரமான மரம் கிடையாது. 2006ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட ஒன்றின் உயரம் 380 அடி! முப்பத்தைந்து மாடிக் கட்டிடம் எழுந்து நிற்பதாக எண்ணிக் கொள்ளுங்கள். இரண்டாயிரம் ஆண்டு கண்ட மரங்கள் அதிலே உண்டு. ஓரடி கனத்துக்குப் பட்டை. கரையான் எளிதில் அண்டாது. ஈரத்தில் கிடந்தாலும் சட்டென்று மக்காது. கடலிலிருந்து எழும் மூடுபனியைக் குடித்துக் கோடையைத் தள்ளும்.

இத்தனை குணமும் மரத்துக்கு எமனாயிற்று. தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டையா? ரெட்வுட்! வீட்டுக் கூரையா, தண்ணீர்த் தொட்டியா, திராட்சைக் கொடிக்கு ஊன்றும் கம்பா? எல்லாம் ரெட்வுட்! 1906ஆம் ஆண்டு நிலநடுக்கத்திலும் தீயிலும் சான்பிரான்சிஸ்கோ நகரம் அழிந்தபோது அதை மீண்டும் எழுப்ப மலை மலையாக மரம் சரிந்தது. வெள்ளையர் கோடரி நுழையும் முன்பு சுமார் 20 லட்சம் ஏக்கரில் நின்ற முதுகாட்டில் இன்று எஞ்சியிருப்பது நூற்றுக்கு ஐந்து பங்கு. நூறு ரூபாய் முதலில் தொண்ணூற்றைந்தைத் தின்றுவிட்டவன் மிச்சம் ஐந்துக்குக் கணக்கு எழுத உட்கார்ந்தது போல!

சரி, கழகம் பிறந்த கதைக்கு வருவோம். ஆண்ட்ரூ ஹில் என்று ஒருவர். சான்ஹோசே ஊரில் படம் வரைபவர், போட்டோ எடுப்பவர். 1899ஆம் ஆண்டு சாந்தாகுரூஸ் மலையில் பெருந்தீ பிடித்தது. தண்ணீர் போதாமல் ஒரு திராட்சைத் தோட்டத்தில் பீப்பாய் பீப்பாயாக இருந்த ஒயினை ஊற்றித் தீயை அணைத்தார்களாம். (மதுவிலக்குத் தோழர்கள் இந்த ஒரு செலவையாவது மன்னிப்பார்கள் என்று நம்புகிறோம்.) இந்த அதிசயத்தைப் பற்றி ஓர் ஆங்கிலப் பத்திரிகை கட்டுரை போட விரும்பி, அந்த மலையின் பெருமரங்களைப் படமெடுத்து அனுப்பும்படி ஹில்லைக் கேட்டது. அவர் ஒரு தோப்புக்குப் போய்ப் படம் எடுத்தார். தோப்பின் சொந்தக்காரர் ஓடி வந்தார். என் மரத்தைப் படமெடுக்க நீ யார், எடுத்த படத்தை இங்கே வை என்று மறித்தார்.

சிந்தித்துப் பாருங்கள் தோழர்களே! மரத்தை வெட்டவில்லை, ஒரு கிளையை ஒடிக்கவில்லை. பார்த்ததைப் படம் பிடித்தார், அவ்வளவுதான். இரண்டாயிரம் ஆண்டாக நிற்கும் மரத்துக்கு நேற்று வந்த பத்திரக்காரன் சொந்தக்காரன்! அந்த இடத்திலேதான் ஹில்லுக்குக் கோபம் பிறந்தது. இந்த மரங்கள் பொதுச் சொத்தாக வேண்டும் என்று உறுதி கொண்டார். நிலம் யாருக்கு என்ற கேள்வியில் பிறந்த கோபம் அது. காட்டழகில் மயங்கிப் பிறந்த வெறும் ரசனை அல்ல. இதை நம் தோழர்கள் மனத்தில் குறித்துக் கொள்ள வேண்டுமென்று கேட்டுக் கொள்கிறோம்.

அவர் தனியாகவும் இல்லை. தீயிலே தன் வீட்டை இழந்த ஜோசபின் மெக்கிராக்கின் என்ற எழுத்தாளர் அம்மையார், காட்டைக் காக்க வேண்டுமென்று பத்திரிகையிலே எழுதினார். கேரி ஸ்டீவன்ஸ் வால்டர் என்ற மற்றோர் அம்மையார், இவரும் பத்திரிகைக்காரர், முன்னின்று உழைத்தார். வாக்குரிமைகூட அந்த மாநிலத்துப் பெண்களுக்கு அப்போது கிடையாது; 1911இல்தான் வந்தது. வாக்கில்லாதவர்கள் சட்டம் கேட்டுக் கிளம்பினார்கள்!

1900 மே மாதம் முதல் நாள் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு கூட்டம். அங்கே ஒரு குழு அமைந்தது. குழுவினர் பிக்பேசின் என்ற மலைக்காட்டைப் பார்க்கப் போனார்கள். மரக் கம்பெனியின் ரம்பம் இன்னும் உள்ளே நுழையாத முதுகாடு அது. வழுக்குப்பாறை என்ற பாறையின் அடியிலே கூடினார்கள். கழகம் அமைப்பது என்று முடிவாயிற்று. தொப்பி ஒன்று கை மாறிச் சுற்றி வந்தது. எண்ணிப் பார்த்தார்கள். 32 டாலர்!

முப்பத்திரண்டு டாலரை வைத்துக் கொண்டு என்ன செய்ய முடியும்? அந்தக் காட்டில் அரை ஏக்கர் வாங்க முடியுமா? முடியாது என்பது தொப்பியைச் சுற்றவிட்டவர்களுக்கும் தெரியும். ஆனால் தபால் தலை வாங்கலாம். துண்டு அறிக்கை அச்சடிக்கலாம். தலைநகருக்கு ரயில் ஏறலாம். ஹில் எடுத்த படங்களோடு சாக்ரமென்டோவில் சட்டசபைக் கதவைத் தட்டினார்கள். பத்திரிகைகளில் எழுதினார்கள். சாந்தாகிளாரா கல்லூரித் தலைவராயிருந்த கென்னா பாதிரியார் சட்டசபையில் பேசினார். 1901 மார்ச் மாதம் கவர்னர் கேஜ் கையெழுத்திட்டார். பிக்பேசினை வாங்க இரண்டரை லட்சம் டாலர் சர்க்கார் கஜானாவிலிருந்து ஒதுக்கும் சட்டம் பிறந்தது. 1902இல் 3,800 ஏக்கர் மரக் கம்பெனியின் கையிலிருந்து மக்கள் கைக்கு வந்தது. கலிபோர்னியாவில் இன்று நிலைத்திருக்கும் மாநிலப் பூங்காக்களில் மூத்தது அதுவே.

கணக்குப் போடுங்கள். தொப்பியில் விழுந்தது 32. கஜானாவிலிருந்து வந்தது 2,50,000. ஒன்றுக்கு ஏழாயிரத்து எண்ணூறு! காட்டை வாங்கியது தொப்பியா? இல்லை. கஜானாவைத் திறக்க வைத்தது தொப்பி. வரிப்பணத்தை எங்கே செலவிட வேண்டும் என்று சொல்லும் வாய் அந்த 32 டாலரில் வாங்கப்பட்டது. நிதி வசூலின் உண்மையான வேலை எதுவென்று நாம் எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறோம். அதற்கு இதைவிட நல்ல உதாரணம் நமக்குக் கிடைக்கவில்லை.

இந்தக் கதையில் இதுவரை ஒருவன் வரவேயில்லை. தோழர்கள் கவனித்திருப்பார்கள். ரம்பம் பிடித்தவன்!

பேராசிரியர் வந்தார், பாதிரியார் வந்தார், படக்காரர் வந்தார், எழுதும் அம்மையார்கள் வந்தார்கள், கவர்னர் வந்தார். மரத்தை வெட்டிய தொழிலாளி எங்கே? வடக்கே யுரேகா என்ற துறைமுக ஊரைச் சுற்றி மர மில்கள். பின்லாந்திலிருந்தும் சுவீடனிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் அங்கே நிறைய. காட்டிலே மரம் சாயும்போது நசுங்கியவர்களும், மில்லிலே விரல் போனவர்களும் அவர்களே. 1935ஆம் ஆண்டு மேற்குக் கரை முழுவதும் மரத் தொழிலாளர் வேலை நிறுத்தம் வெடித்தது. ஜூன் 21ஆம் நாள் யுரேகாவிலே ஹோம்ஸ்-யுரேகா மில் வாசலில் மறியல். போலீசார் சுட்டார்கள். வில்ஹெல்ம் கார்ட்டே, ஹெரால்ட் எட்லண்ட், பால் லம்பெல்லா ஆகிய மூன்று தொழிலாளிகள் மாண்டார்கள். 1946இல் மீண்டும் ரெட்வுட் கம்பெனிகளில் வேலை நிறுத்தம். இரண்டாண்டுக்கு மேல் நின்றார்கள். அடுப்பு எரியாமல் இரண்டாண்டு! வெற்றி கிட்டவில்லை.

காடு காக்கும் கழகங்களின் விழா மலர்களில் மரங்களுக்குப் பெயர் உண்டு, தோப்புகளுக்குப் பெயர் உண்டு. அந்த மூவரின் பெயருக்கும் ஒரு வரி இடம் வேண்டாமா என்று கேட்கிறோம்.

தோப்புக்குப் பெயர் வைக்கும் சங்கதியைச் சொல்லியாக வேண்டும். 1918ஆம் ஆண்டு ரெட்வுட் காப்புச் சங்கம் என்று இன்னொரு சங்கம் பிறந்தது. முன்னதைவிடப் பெரியது, பணக்காரச் சங்கம். பணம் தந்தால் உன் பெயரையோ உன் தகப்பன் பெயரையோ ஒரு தோப்புக்குச் சூட்டுவோம் என்பது அதன் வசூல் முறை. நம் ஊர்க் கோயில்களில் டியூப் லைட்டில் உபயதாரர் பெயர் எழுதி, வெளிச்சத்தை மறைக்கிறார்களே, அதற்கு அண்ணன்! அந்தச் சங்கத்தை நிறுவிய மூவரில் ஒருவர் மாடிசன் கிராண்ட். 1916ஆம் ஆண்டு வெள்ளை இனத்தின் உயர்வைப் பேசி, மற்ற இனங்களை இழித்து நூல் எழுதியவர். உயர்ந்த மரத்தையும் "உயர்ந்த" இனத்தையும் ஒரே கண்ணால் பார்த்தவர். பிறப்பால் உயர்வு தாழ்வு பேசுவோர் மரத்துக்குக்கூட நிழல் பிரித்துக் கொடுப்பார்கள் போலும்! சங்கமே 2020ஆம் ஆண்டு இந்தக் கறையைப் பகிரங்கமாக ஒப்புக் கொண்டது. அவர் பெயரால் காட்டிலே நின்ற நினைவுக்கல் 2021இல் அகற்றப்பட்டது. நூறாண்டு கழித்தாவது அகற்றினார்களே என்று வரவேற்கிறோம்.

ஜான் ராக்பெல்லர் இளையவர் அந்தச் சங்கத்துக்கு 20 லட்சம் டாலர் கொடுத்தார். அவர் குடும்பப் பெயரைத் தாங்கிய பெருங்காடு இன்றும் நிற்கிறது. 1914 ஏப்ரலில் கொலராடோ மாநிலத்து லட்லோவிலே, வேலை நிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளரின் கூடாரங்கள் தாக்கப்பட்டு, எரிந்து, பெண்டு பிள்ளைகள் மாண்டார்களே, அந்தச் சுரங்கக் கம்பெனியில் பெரும்பங்கு வைத்திருந்த குடும்பம் அது. அந்தக் காசும் இந்தக் காசும் ஒரே பையிலிருந்து வந்தவை. ஆனாலும் நாம் ஒன்றை நேர்மையோடு சொல்லியாக வேண்டும். மரம் நிற்கிறது. யார் காசில் நின்றாலும் அது நிற்பது நல்லதே. அந்த நிழலில் இன்று மில் தொழிலாளியின் பிள்ளையும் போய் நிற்கலாம். நமக்குள்ள மறுப்பு வேறு. பெருந்தனக்காரர் தயவை எதிர்பார்த்தே காடு நிற்க வேண்டுமென்றால், அவருக்குப் பிடித்த காடு நிற்கும், பிடிக்காத காடு விழும்.

இதற்கும் அந்த நாட்டு மக்கள் ஒரு வழி கண்டார்கள். 1928ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. மாநிலப் பூங்காக்களுக்காக 60 லட்சம் டாலர் கடன் பத்திரம் எழுப்புவதற்குப் பெருவாரியான மக்கள் சம்மதம் தந்தார்கள். நிபந்தனை என்னவென்றால், ஒரு டாலர் நன்கொடை வந்தால் ஒரு டாலர் சர்க்கார் போடும். ராக்பெல்லரின் லட்சத்துக்கும், பள்ளி ஆசிரியையின் ஐந்து டாலருக்கும் பக்கத்தில் வரிப்பணம் வந்து நின்றது.

ரம்பம் பிடித்தவனின் கதை இன்னும் முடியவில்லை. 1968ஆம் ஆண்டு மத்திய சர்க்கார் ரெட்வுட் தேசியப் பூங்காவை அமைத்தது. பூங்காவுக்கு மேல்புறமாகக் கம்பெனிகள் மொட்டையடித்த மலைகளிலிருந்து மழைக்கு மண் சரிந்து ஆற்றை நிரப்பி, கீழே நின்ற மரங்களுக்கே ஆபத்து வந்தது. பூங்காவை விரிக்க வேண்டும் என்று கோரிக்கை எழுந்தது. விரித்தால் எங்கள் வேலை போகுமே என்று மரத் தொழிலாளர் கொதித்தார்கள். 1977இல் லாரிகளை வரிசையாக ஓட்டிக் கொண்டு கரையிலிருந்து கரைக்கு, வாஷிங்டன் வரை போனார்கள். ஒரு லாரியில் ரெட்வுட் கட்டையில் செதுக்கிய வேர்க்கடலை. எடை ஒன்பது டன்! அப்போது ஜனாதிபதி கார்ட்டர், வேர்க்கடலைப் பண்ணைக்காரர். உமக்கு இது வேர்க்கடலை, எங்களுக்கோ வேலை என்பது அதன் பொருள். வெள்ளை மாளிகை வாங்க மறுத்தது. வந்த வழியே திரும்பிய கடலை, ஓரிக் என்ற சிற்றூரிலே சாலையோரம் பல ஆண்டு கிடந்தது.

அந்தத் தொழிலாளிகளைக் கம்பெனியின் கையாட்கள் என்று தூற்றியவர்கள் உண்டு. நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். மாதச் சம்பளம் நின்றால் மளிகைக் கடைக்காரன் எத்தனை நாள் கடன் தருவான் என்பதை அறிந்தவர்கள் சொல்ல மாட்டார்கள்.

1978ஆம் ஆண்டு சட்டம் வந்தது. 48,000 ஏக்கர் பூங்காவோடு சேர்ந்தது. இந்தச் சட்டத்திலே ஒரு புதுமை இருந்தது. நம் தொழிற்சங்கத் தோழர்கள் இதைப் படித்துப் பார்க்க வேண்டும். பூங்கா விரிந்ததால் வேலையிழந்த மரத் தொழிலாளிக்கு 1984 வரை வாராவாரம் படி. மருத்துவக் காப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் வழி. மொட்டை மலையைச் சீர்செய்யும் புதிய வேலைகளிலே முன்னுரிமை. கம்பெனிக்கு நிலத்தின் விலை கொடுப்பதுபோல், தொழிலாளிக்கு அவன் இழந்த வேலையின் விலையையும் கொடுக்க வேண்டும் என்று ஒரு நாட்டின் சட்டம் ஒப்புக் கொண்டது. அது சரியாக நிறைவேறியதா, எல்லாருக்கும் கிடைத்ததா என்பதில் குறைபாடு பேசினவர்கள் அந்நாட்டிலேயே உண்டு. ஆனால் கோட்பாடு எழுத்தில் ஏறிற்று.

மரம் வெட்டத் தடையில்லாவிட்டால் வேலை நிலைக்குமா? இதற்கும் அந்தக் காடே விடை தந்தது. பசிபிக் மரக் கம்பெனி 1863இல் தொடங்கிய பழைய கம்பெனி. ஸ்கோஷியா என்று தனக்கென ஓர் ஊரே வைத்திருந்தது. மொத்தமாக மொட்டையடிக்காமல், பொறுக்கி வெட்டி, மிச்சம் வைத்து வந்தது. தலைமுறை தலைமுறையாக வேலை இருக்கும் என்று தொழிலாளி நம்பினான். 1986இல் மாக்சாம் என்ற டெக்சாஸ் கம்பெனி, சார்லஸ் ஹர்விட்ஸ் என்பவருடையது, கடன் பத்திரம் விற்ற பணத்தைக் கொண்டு அதை விழுங்கியது. வட்டி கட்ட வேண்டாமா? வெட்டு இரட்டிப்பாயிற்று. அது மட்டுமா? தொழிலாளரின் ஓய்வூதிய நிதியிலிருந்து, உபரி என்று பெயர் சொல்லி, 5 கோடி டாலருக்கு மேல் உருவப்பட்டது. எஞ்சிய ஓய்வூதியப் பொறுப்பு ஒரு காப்புறுதிக் கம்பெனியிடம் தள்ளப்பட்டது. 1991இல் அந்தக் காப்புறுதிக் கம்பெனியும் கவிழ்ந்தது!

காட்டைத் தின்ற வாய் தொழிலாளியின் கிழட்டுக் காலத்துக் கஞ்சியையும் தின்றது. கோடரிக்குக் காவல் நின்ற தொழிலாளிக்கு முதலாளி கொடுத்த சம்மானம் அது.

இந்த இரண்டும் ஒரே வாய் என்று கண்டு சொன்ன ஓர் அம்மையாரை இங்கே குறிப்பிடாமல் போனால் நம் எழுத்து நிறைவு பெறாது. ஜூடி பாரி. தச்சு வேலை செய்தவர், அதற்கு முன்பு தொழிற்சங்க ஊழியர். காடு காக்கும் தீவிரவாதிகளில் சிலர் மரத்திலே ஆணியடித்து வைப்பது உண்டு. ரம்பம் அதில் பட்டால் சிதறும். 1987இல் ஒரு மில்லிலே அப்படிச் சிதறிய ரம்பம் ஓர் இளந்தொழிலாளியின் முகத்தைக் கிழித்தது. ஆணியடித்தவன் யாரென்று துலங்கவில்லை. முகம் கிழிந்தவன் முதலாளி அல்ல என்பது மட்டும் துலங்கியது! ஆணியடிக்கும் முறையைக் கைவிடுகிறோம் என்று பாரி 1990இல் பகிரங்கமாக அறிவித்தார். போர்ட்பிராக் ஊர் மில்லில் நச்சு எண்ணெய் கொட்டித் தொழிலாளர் பாதிக்கப்பட்டபோது அவர்களுக்காக வாதாடினார். மில் தொழிலாளியையும் காடு காப்பவரையும் ஒரே சங்கத்தில் உட்கார வைக்க முயன்றார்.

1990 மே 24ஆம் நாள் ஓக்லண்டு நகரில் அவர் ஓட்டிச் சென்ற காரிலே குண்டு வெடித்தது. இடுப்பெலும்பு நொறுங்கிக் கிடந்தவரைப் போலீசார் கைது செய்தார்கள், அவரே குண்டு கொண்டு போனார் என்று! வழக்கு ஒன்றும் தொடரப்படவில்லை. 1997இல் அவர் புற்றுநோயால் மறைந்தார். 2002இல் நீதிமன்ற ஜூரிகள் போலீஸ் அதிகாரிகளும் மத்தியத் துப்பறிவாளரும் அவருடைய உரிமைகளை மீறினர் என்று தீர்ப்புக் கூறி, அவருடைய வாரிசுகளுக்கும் உடனிருந்த தோழருக்கும் 44 லட்சம் டாலர் ஈடு வழங்கினர். குண்டு வைத்தவன் இன்றுவரை பிடிபடவில்லை.

அதே மாக்சாமின் காட்டில் ஹெட்வாட்டர்ஸ் என்ற முதுகாட்டை 1999இல் சர்க்கார் விலைக்கு வாங்கியது. சுமார் 7,400 ஏக்கர். விலை 38 கோடி டாலர்! 1902இல் ஏக்கருக்கு 70 டாலர்கூட விழவில்லை. 1999இல் ஏக்கருக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல். காலம் கடத்தியதற்கு மக்கள் கட்டிய வட்டி இது. பணத்தின் மதிப்புக் குறைந்ததைக் கழித்தாலும் கண் பிதுங்குகிறது. மிச்சம் குறையக் குறைய விலை ஏறும் என்பது மண்டிக்காரனுக்குத் தெரிந்த பாடம். மாக்சாம் முதலாளிக்கும் அது தெரிந்திருந்தது. 2007இல் அந்த மரக் கம்பெனி திவாலாயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். காடும் போய், ஓய்வூதியமும் போய், கடைசியில் கம்பெனியும் போயிற்று.

இப்போது விழாவுக்கு வருவோம். 1918இல் பிறந்த சங்கம் 2018இல் நூற்றாண்டு கொண்டாடியது. அதிலே நமக்குப் பிடித்தது ஒன்று. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமைகளில் ரெட்வுட் மாநிலப் பூங்காக்களுக்கு இலவச நுழைவுச் சீட்டு வழங்க ஏற்பாடு செய்தார்கள். விருந்துக்கு வர முடியாதவனும் காட்டுக்கு வரலாம் என்பது பொருள். விழா என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

மூத்த கழகத்தின் கதை வேறு. 2020 ஆகஸ்டு 16ஆம் நாள் மழையில்லா மின்னல் ஆயிரக்கணக்கில் கலிபோர்னியாவைத் தாக்கியது. 18ஆம் நாள் தீ பிக்பேசினுக்குள் புகுந்தது. 3,800 ஏக்கரில் தொடங்கி 18,000 ஏக்கருக்கு மேல் வளர்ந்திருந்த பூங்காவில் நூற்றுக்கு 97 பங்கு தீக்கிரையாயிற்று. 1930களின் பஞ்ச காலத்திலே வேலையற்ற இளைஞர் படை கட்டிய தலைமையகக் கட்டிடம் சாம்பலாயிற்று. சுற்று வட்டாரத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டிடங்கள் எரிந்தன. 32 டாலரில் தொடங்கிய 120 ஆண்டு உழைப்பு இரண்டு நாளில் கருகியது என்றே எல்லாரும் எண்ணினார்கள்.

மரம் அப்படி எண்ணவில்லை. கரிக்கட்டையாய் நின்ற பட்டைக்குள்ளிருந்து சில மாதங்களில் பச்சைத் தளிர் பொத்துக் கொண்டு வந்தது. ஆராய்ந்தவர்கள் 2023இல் சொன்னது என்ன தெரியுமா? ஆயிரம் ஆண்டுக்கு மேலாகப் பட்டைக்கடியில் உறங்கிக் கிடந்த மொட்டுகள் அவை. பல பத்தாண்டுகளுக்கு முன்பு மரம் சேமித்து வைத்த உணவைத் தின்று முளைத்திருக்கின்றன! 2022 ஜூலையில் பூங்காவின் ஒரு பகுதி மக்களுக்கு மீண்டும் திறந்துவிடப்பட்டது. இன்று கழகம் கேட்கும் நிதி நிமிர்ந்த மரத்தை வாங்க மட்டுமல்ல. வெட்டிப் போட்ட காட்டை, எரிந்த காட்டை மறுபடி காடாக்கவும் பணம் வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. வெள்ளையர் வருமுன் அந்தக் காட்டுக்கு உரியவர்கள் பழங்குடி மக்கள். அவர்களை விரட்டிய பிறகுதான் பத்திரமும் பிறந்தது, மரக் கம்பெனியும் பிறந்தது, காடு காக்கும் கழகமும் பிறந்தது. 2022 ஜனவரியில் ரெட்வுட் காப்புச் சங்கம் தான் விலைக்கு வாங்கிய 523 ஏக்கர் காட்டைப் பத்துப் பழங்குடிக் குலங்கள் சேர்ந்த சிங்கியோன் கூட்டவையின் கையில் ஒப்படைத்தது. இருபது லட்சம் ஏக்கருக்கு 523 ஏக்கர் எம்மாத்திரம் என்று கேட்கலாம். 32 டாலரும் எம்மாத்திரமாகத்தான் இருந்தது.

வடக்கே தேசியப் பூங்காவில் 2018 முதல் சங்கமும் சர்க்காரும் சேர்ந்து பெரிய வேலை ஒன்றைத் தொடங்கியிருக்கின்றன. மரக் கம்பெனிகள் மலையைக் குடைந்து போட்ட லாரிப் பாதைகளைப் பெயர்த்தெடுத்து, மண்ணைப் பழைய சரிவுக்கே தள்ளி, நெருக்கிக் கிடக்கும் இளமரங்களைக் கலைத்து விடுகிறார்கள். இந்த வேலைக்குப் பேராசிரியர் மட்டும் போதாது. புல்டோசர் ஓட்டத் தெரிந்தவன் வேண்டும், ரம்பம் பிடிக்கத் தெரிந்தவன் வேண்டும். அன்று வெட்டியவனின் மகனும் பேரனும் அந்த ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன கூலி, எத்தனை மாத வேலை, சங்கம் உண்டா, அடிபட்டால் வைத்தியச் செலவு யாருடையது? அடுத்த ஆண்டு விழா மலரிலே நன்கொடையாளர் பட்டியலுக்கு எதிர்ப்பக்கத்தில் இந்த விவரங்களையும் அச்சிடட்டும். அந்தப் பக்கத்தைத்தான் நாம் முதலில் புரட்டுவோம்.